38 மாத மெயின்டனன்ஸ் பாக்கி, தண்ணீர் வால்வை மூடினோம், இப்போது எங்களுக்கே வக்கீல் நோட்டீஸ்

கெடிலக்கரை செயலாளர் | 5 ஜனவரி 2026, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் செம்மண்டலம் பக்கம் 16 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. மாடிக்கு நாலு வீடு, தரைத்தளத்திலும் நாலு. ஒன்றரை வருடமாக நான் செயலாளர். வேறு யாரும் கை தூக்காததால் வந்த பதவி.

மாதம் 1,500 வாங்கிக்கொண்டிருந்தோம். 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டு மின் இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் ஆனது. மறுவருடம் 5.50 ஆகக் குறைத்தார்கள், ஆனால் 10 வீட்டுக்குள், 3 மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். எங்களுக்கு லிஃப்ட் உண்டு. வாட்ச்மேன் சம்பளமும் ஏறியது. அதனால் 2022 நவம்பர் முதல் 2,500 என்று பொதுக்குழுவில் முடிவு செய்தோம். அந்த மாதத்திலிருந்தே தரைத்தள ஓனர் ஒருவர் ஒரு பைசா தரவில்லை. "லிஃப்டில் நான் ஒரு நாளாவது ஏறினேனா" என்பது முதல் காரணம். மேல்வீட்டு பாத்ரூம் தண்ணீர் தன் சமையலறைக் கூரையில் கசிகிறது என்பது இரண்டாவது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்து, சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை பொங்கி வந்ததே, அதில் சம்ப் மோட்டாரும் லிஃப்ட் பேனலும் போயின. வீட்டுக்கு 15,000 சிறப்பு வசூல் போட்டோம். அதையும் தரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பொருளாளர் மொட்டைமாடிக்குப் போய் அந்த வீட்டு லைனின் வால்வை மூடிவிட்டார். சாயங்காலமே அந்த வீட்டு ஓனர் போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்கிவிட்டார். டிசம்பர் 22 தேதியிட்ட வக்கீல் நோட்டீஸ் இப்போது கையில். இத்தனைக்கும் பாக்கிக்காரர் அவர்!

நாங்கள் அனுப்பிய கணக்கு இது: 38 மாதம் 95,000, 24 சதவீத வட்டி 35,150, சிறப்பு வசூல் 15,000, இதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் 26,127. மொத்தம் 1,71,277. கேஸ் போடலாமா? எங்கே போடுவது?

உப்புக்காத்து | 5 ஜனவரி, இரவு 9:58

முதலில் மொட்டைமாடிக்குப் போய் வால்வைத் திறங்க. அப்புறம் பேசலாம்.

நெய்வேலி ஓய்வு | 5 ஜனவரி, இரவு 10:15

திறக்கக் கூடாது. 15 குடும்பம் கட்டுகிற காசில் ஒருத்தர் ஓசியில் குளிக்கிறார். எங்கள் குடியிருப்பில் ஒருவர் இப்படித்தான் இரண்டு வருடம் ஏய்த்தார். நோட்டீஸ் போர்டில் பெயரும் தொகையும் எழுதிப் போட்டோம், லிஃப்ட் கார்டை முடக்கினோம். ஒரே வாரத்தில் வந்து கட்டினார். கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும்.

உப்புக்காத்து | 5 ஜனவரி, இரவு 10:21

இவர் தரைத்தளம் அண்ணா. லிஃப்ட் கார்டை முடக்கினால் கொண்டாடுவார்.

முன்னாள் சிரஸ்தார் | 6 ஜனவரி, காலை 6:30

ஐயா, முப்பது வருடம் நீதிமன்ற அலுவலகத்தில் கட்டுகளைச் சுமந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல, ஆனால் உங்களைப் போன்ற கட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வால்வை இன்றே திறந்துவிடுங்கள். திறந்ததைத் தேதி, நேரத்தோடு மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். தண்ணீரும் கரண்டும் அத்தியாவசியம். வாடகைக்கு இருப்பவருக்கே தண்ணீரை நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டு 2017 வாடகைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. சொந்த வீட்டுக்காரருக்கு நிறுத்திவிட்டு நீதிபதி முன்னால் நின்றால், முதல் பத்து நிமிடம் பாக்கியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். வால்வைப் பற்றியே பேசுவார்கள். "பணம் வரவேண்டியவர்" என்று உள்ளே போன நீங்கள் "தண்ணீரை நிறுத்தியவர்" ஆகி வெளியே வருவீர்கள்.

அடுத்தது காலக்கெடு. பணம் வசூலிக்கும் வழக்குக்கு 1963 காலவரையறைச் சட்டப்படி மூன்று வருடம். ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தனிக் கணக்கு. உங்கள் பைலாவில் (சங்க விதிகளில்) எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று இருக்கிறது? 2022 நவம்பர், டிசம்பர் தவணைகள் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும். 2023 ஜனவரி தவணை வாசலில் நிற்கிறது. இப்படி மாதத்துக்கு 2,500 வீதம் வால்பக்கமாகக் கரைந்துகொண்டே போகும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்காது.

வந்த நோட்டீஸில் பாக்கியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? அந்தப் பத்தியை மட்டும் பெயர் இல்லாமல் இங்கே தட்டிப் போடுங்கள்.

கணக்கு மேகலா | 6 ஜனவரி, காலை 8:05

நான் ஜிஎஸ்டியைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். செயலாளர் சார், உங்கள் சங்கத்துக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா? இருக்க வாய்ப்பே இல்லை. 16 வீடு, 2,500, 12 மாதம்: 4,80,000. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டுக்கு மாதம் 7,500-க்கு மேல் வாங்கினால்தான் இந்தப் பேச்சே. தாண்டினாலும் 7,500-க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. பதிவு இல்லாமல் வரி என்று பெயர் சொல்லி வசூலிப்பதே சட்டத்துக்கு விரோதம். அந்த 26,127-ஐ இன்றைக்கே வாபஸ் வாங்கி, திருத்திய கணக்கு அனுப்புங்கள். யார் போட்டது இது?

24 சதவீத வட்டி பைலாவில் இருக்கிறதா, இல்லை கமிட்டி கூடிப் பேசியதா?

கெடிலக்கரை செயலாளர் | 6 ஜனவரி, காலை 11:20

வால்வைத் திறந்துவிட்டோம். வாட்ச்மேனும் சாட்சி.

ஜிஎஸ்டி போட்டது நான்தான் மேடம். இணையத்தில் ஒரு மாதிரி பில் கிடைத்தது, அதில் இருந்தது. வட்டி கமிட்டித் தீர்மானம் மட்டும்தான், பொதுக்குழு இல்லை. 2,500 என்பதும் 15,000 என்பதும் பொதுக்குழுத் தீர்மானம், வந்தவர்கள் கையெழுத்து இருக்கிறது. தவணை ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள்.

சிரஸ்தார் ஐயா, நோட்டீஸைக் கோபத்தில் கிழித்துப் போடத்தான் இருந்தேன். மூன்றாவது பத்தி இது:

"எமது கட்சிக்காரர் தாம் செலுத்த வேண்டிய மாதாந்திரப் பராமரிப்புத் தொகையைச் செலுத்த மறுக்கவில்லை என்றும், முதல் தளக் கழிவுநீர்க் குழாயைச் சங்கம் செப்பனிட்டுத் தரும்வரை மேற்படி தொகையை நிறுத்தி மட்டுமே வைத்துள்ளார் என்றும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

முன்னாள் சிரஸ்தார் | 6 ஜனவரி, பகல் 12:10

கிழிக்காதீர்கள்! லேமினேஷன் போடாமல், ஓட்டை குத்தாமல், உறையோடு பத்திரமாக வையுங்கள். உங்கள் பீரோவில் இருப்பதிலேயே விலை உயர்ந்த காகிதம் அதுதான்.

காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு: கெடு முடிவதற்குள் கடன்பட்டவரோ அவருடைய அதிகாரம் பெற்றவரோ எழுத்தில் கையெழுத்திட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்குகிறது. "இப்போது தரமாட்டேன்" என்று மறுப்பு கூடவே இருந்தாலும் ஒப்புகை ஒப்புகைதான், பிரிவின் விளக்கத்திலேயே அது இருக்கிறது. நோட்டீஸ் டிசம்பர் 22. அன்றைக்கு 2022-இன் இரண்டு தவணைகள் இறந்துவிட்டன, அந்த 5,000-ஐ மறந்துவிடுங்கள். 2023 ஜனவரி முதல் எல்லாம் உயிரோடு இருக்கிறது. எதிர்த்தரப்பு இதை ஒப்புகையே இல்லை என்று வாதாடலாம், வாதாடுவார்கள். ஆனாலும் தன் வக்கீல் எழுதியதைத் தானே மறுப்பது சுலபம் இல்லை.

ஆக உங்கள் உண்மையான கணக்கு 90,000, அதோடு சிறப்பு வசூல் 15,000: மொத்தம் 1,05,000. நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், 3,150 வரும். 2017-க்கு முன்னால் இது ஏழரை சதவீதமாக இருந்தது.

ஆனால் நேரே வழக்குக்குப் போகாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுங்கள். கட்டணம் கிடையாது. இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் ஆனால் அந்த உத்தரவு சிவில் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை. ஆகாவிட்டால் வழக்கு எங்கேயும் ஓடிவிடாது.

நெய்வேலி ஓய்வு | 6 ஜனவரி, பகல் 12:40

கட்டாதவனுக்குத் தாம்பூலம் வைத்துக் கூப்பிட வேண்டுமா?

லாஸ்பேட்டை சுதா | 6 ஜனவரி, மதியம் 3:15

"கட்டாதவன்" பக்கத்திலிருந்து ஒருத்தி எழுதுகிறேன். நான் புதுச்சேரியில் 14 மாதம் கட்டாமல் இருந்தவள்.

எங்கள் படுக்கையறைக் கூரையில் முதலில் உள்ளங்கை அளவு ஈரம். அப்புறம் பெயிண்ட் கொப்புளம் விட்டது. மழைக்காலம் வந்தபோது கட்டிலை நகர்த்தி, அந்த இடத்தில் ஒரு வாளி. ராத்திரி வாளியில் சொட்டு விழும் சத்தம் கேட்கக்கூடாதென்று அதற்குள் ஒரு பழைய துண்டைப் போட்டு வைப்பேன். ஆறு கடிதம் எழுதினேன். மேல்வீட்டுக்காரர் "அசோசியேஷன் வேலை" என்றார், அசோசியேஷன் "இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள பிரச்சினை" என்றது. பணத்தை நிறுத்திய பிறகுதான் நான் ஒருத்தி இருப்பதே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

வழக்குப் போட்டார்கள். நான் தோற்றேன். கசிவு உண்மை என்று ஒத்துக்கொண்டார்கள், ஆனால் "அதற்கு நீங்கள் தனியாக நிவாரணம் கேட்டிருக்க வேண்டும், பொதுச் செலவை நிறுத்த அது காரணம் ஆகாது" என்று முடித்துவிட்டார்கள். வட்டியோடு கட்டினேன். அப்புறம்தான் ஒரு வக்கீல் அக்கா சொன்னார்: ஒவ்வொரு மாதமும் "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டிவிட்டு, குழாய்க்காகச் சங்கத்தின்மேல் நான் வழக்குப் போட்டிருந்தால் கதையே மாறியிருக்கும்.

செயலாளர் சார், ஒரே ஒரு கேள்வி. அந்தச் சமையலறைக்குள் போய் நீங்கள் மேலே நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? வெள்ளத்தில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா?

முத்தியால்பேட்டை பையன் | 6 ஜனவரி, மாலை 5:50

பாண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முள்ளோடை தாண்டினால் சட்டம் வேறு. தமிழ்நாட்டுக்கு 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டம், 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. சங்கப் பதிவுக்கு 1975 சட்டம். இங்கே சங்கங்கள் 1860 சட்டத்தில் பதிவாகின்றன, ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும்) ஆணையமும் தனி. காலவரையறை, சிவில் நடைமுறை, லோக் அதாலத் எல்லாம் மத்தியச் சட்டம் என்பதால் ஒன்றுதான்.

எங்கள் பிரச்சினை வேறு மாதிரி. ஓனர் பிரான்சில். பவர் வாங்கிய மச்சான் இங்கே. மச்சானைக் கேட்டால் "மாமாவைக் கேளுங்க", மாமாவுக்கு வாட்ஸ்அப் போட்டால் நீல டிக் மட்டும். நாலு வருடம். கடைசியில் வீட்டை விற்க வந்தார். வாங்குபவரின் வங்கி "பாக்கி இல்லை" என்று சங்கத்தின் கடிதம் கேட்டது. மறுநாள் முழுத் தொகையும் வந்து விழுந்தது.

முன்னாள் சிரஸ்தார் | 6 ஜனவரி, மாலை 6:30

அது அதிர்ஷ்டம் தம்பி. சார்பதிவாளர் அந்தக் கடிதத்தைக் கேட்கமாட்டார். ரொக்கத்துக்கு வாங்குபவராக இருந்தால் கிரயம் முடிந்து, புது ஓனர் பால் காய்ச்சும்போதுதான் உங்களுக்குத் தெரியும். தீர்ப்பு கையில் இருந்தால் 12 வருடம் வரை நிறைவேற்றலாம். வீட்டை ஜப்தி செய்தால் அது வில்லங்கச் சான்றில் வந்துவிடும், வாங்குபவர் தானாகக் கேட்பார்.

உப்புக்காத்து | 7 ஜனவரி, காலை 9:10

எனக்கு ஒரு சந்தேகம். தரைத்தளத்துக்காரர் லிஃப்டுக்குக் கொடுக்கமாட்டேன் என்பது நியாயம்தானே? எல்லாருக்கும் ஒரே 2,500 என்பதும் சரியா? எங்கள் வீடு 620 சதுரடி, எதிர்வீடு 1,400. இரண்டும் ஒரே காசு.

கணக்கு மேகலா | 7 ஜனவரி, காலை 9:45

இரண்டும் வெவ்வேறு கேள்வி. லிஃப்ட் பொதுச் சொத்து, உங்கள் பிரிபடாத பாகத்தில் (நிலத்திலும் பொது இடங்களிலும் உங்களுக்கு உள்ள பங்கில்) அதுவும் சேர்த்தி. பயன்படுத்தவில்லை என்பதால் பங்கு போகாது. மூன்றாவது மாடிக்காரர் "நான் தோட்டத்துப் பக்கமே போவதில்லை" என்றால் விடுவோமா?

அளவு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அடுக்குமாடிச் சட்டங்களின் அடிப்படையே பிரிபடாத பாகத்தின் விகிதத்தில் பொதுச் செலவு என்பது. பெரிய வீடு அதிகம் கட்டவேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025-இல் ஒரு புனே வழக்கில் சொன்னது. அது மகாராஷ்டிரச் சட்டம்.

நெய்வேலி ஓய்வு | 7 ஜனவரி, காலை 10:02

வாட்ச்மேன் 1,400 சதுரடிக்கு அதிக நேரம் காவல் காக்கிறாரா? எல்லா வீட்டுக்கும் ஒரே கேட், ஒரே குப்பை வண்டி. சமமாகத்தான் இருக்கவேண்டும்.

உப்புக்காத்து | 7 ஜனவரி, காலை 10:06

அண்ணா வீடு எத்தனை சதுரடி என்று இப்போது தெரிந்துவிட்டது.

கெடிலக்கரை செயலாளர் | 8 ஜனவரி, இரவு 10:30

சுதா மேடம் கேட்டதற்குப் பதில்: போனதில்லை. இன்று போனேன்.

கதவைத் திறந்தவர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய அம்மாதான் உள்ளே வரச் சொன்னார். ஹாலில் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு, வெள்ளம் நின்ற அளவு. ஒரு வருடம் கழித்தும் பெயிண்ட் அடிக்கவில்லை. சமையலறையில் அடுப்புக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கயிற்றால் கட்டி, ஒரு மூலையைச் சாய்த்து, அது வழியாகச் சொட்டு சிங்கில் விழுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். சொட்டுவது பாத்ரூம் தண்ணீர். அதற்குக் கீழேதான் சமையல்.

வெள்ளத்தன்று நாங்கள் எல்லோரும் மேலே இருந்தோம். இரண்டு நாள் அவர்களை இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் தங்க வைத்ததாக நினைத்திருந்தேன். அம்மா சொல்லித்தான் தெரிந்தது, முதல் நாள் ராத்திரி மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தார்களாம்.

பாக்கி பாக்கிதான், அதில் நான் மாறவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு "லிஃப்ட் பேனல் பங்கு" என்று நோட்டீஸ் அனுப்பியபோது நாங்கள் ஒரு தடவை கீழே இறங்கிப் பார்த்திருக்கலாம்.

முன்னாள் சிரஸ்தார் | 9 ஜனவரி, காலை 6:20

நல்லது. அந்தக் குழாய் பொது லைனா, மேல்வீட்டின் தனி லைனா என்று பிளம்பரை வைத்து எழுத்தில் வாங்குங்கள். பல வீடுகளுக்குப் பொதுவான நிலைக்குழாய் என்றால் அது சங்கத்தின் பொறுப்பு. பிறகு மனு கொடுங்கள். மனு கொடுக்க யாருக்கு அதிகாரம் என்று தீர்மானம் வேண்டும். கமிட்டித் தேர்தல் காலாவதியாகி இருந்தால் முதலில் அதை நடத்துங்கள், எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அந்த ஓட்டையைத்தான். கணக்கில் சந்தேகம் என்று அவர் போனால், 1975 சட்டத்தின் 36-ஆம் பிரிவில் பதிவாளர் விசாரணைக்கும் வழி உண்டு.

திருத்திய கணக்கைத் தபாலில் அனுப்பும்போது ஒன்று கவனம். 2025 செப்டம்பர் முதல் பழைய பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். பதிவு வசதியும் பட்டுவாடா அத்தாட்சியும் கவுன்டரில் கேட்டு வாங்குங்கள்.

கெடிலக்கரை செயலாளர் | 1 மார்ச், மாலை 7:45

தாமதத்துக்கு மன்னிக்கவும். முடிந்தது.

ஆணைக்குழுவில் இரண்டு அமர்வு. முதல் அமர்வில் அவர் வால்வைப் பற்றி மட்டுமே பேசினார். பொருளாளர் எழுந்து "தப்புதான் சார்" என்று சொன்ன பிறகுதான் மற்றது நகர்ந்தது. இரண்டாவதில் தொகை. வட்டி முழுவதும் விட்டோம். 90,000 அவர் ஒப்புக்கொண்டார். சிறப்பு வசூலில் லிஃப்ட் பேனல் பங்கு 6,000-ஐ நாங்கள் விட்டு, மோட்டாருக்கான 9,000 மட்டும் சேர்த்தோம். மேகலா மேடம் சொன்ன சட்டப்படி அந்த 6,000-ஐயும் கேட்டிருக்கலாம், தெரியும். இடுப்பளவுக் கோட்டைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவில்லை. பொதுக்குழுவிலும் 11 பேர் சரி என்றார்கள். மொத்தம் 99,000, ஒன்பது காசோலை, தலா 11,000. லோக் அதாலத் உத்தரவாகப் பதிவாகிவிட்டது. குழாயை 30 நாளில் சங்கம் சரிசெய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

குழாயை உடைத்துப் பார்த்தபோது, இரண்டு வீட்டு லைன் சேரும் இடத்தில் பசை போட்டு ஒட்டாமல் சிமென்ட்டைப் பூசி மூடியிருந்தார்கள். கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும்.

லாஸ்பேட்டை சுதா | 1 மார்ச், இரவு 8:10

பில்டரைப் பிடிக்க முடியாதா?

முன்னாள் சிரஸ்தார் | 1 மார்ச், இரவு 8:40

ரெராவில் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம். கட்டடம் எப்போது முடிந்தது?

கெடிலக்கரை செயலாளர் | 1 மார்ச், இரவு 8:52

2014.

நெய்வேலி ஓய்வு | 1 மார்ச், இரவு 9:05

35,150 வட்டியை விட்டீர்களா! ஒழுங்காகக் கட்டின 15 பேர் ஏமாளியா?

கெடிலக்கரை செயலாளர் | 1 மார்ச், இரவு 9:30

கேட்டார்கள் அண்ணா, இதே வார்த்தையில் ஒருவர் கேட்டார். இனி வட்டி 12 சதவீதம் என்று பொதுக்குழுவில் முறையாகப் போட்டு, எல்லோரும் கையெழுத்திட்டாயிற்று. தரைத்தளத்துக்காரரும் போட்டார்.

முதல் காசோலை பாஸ் ஆகிவிட்டது. இன்னொன்று: அன்று இறுக்கி மூடிய அந்த வால்வு இப்போது சொட்டுகிறது. புதிது மாற்ற 850 ரூபாய் ஆனது. சங்கக் கணக்கில் எழுதவேண்டாம் என்று பொருளாளர் கைக்காசைப் போட்டுவிட்டார்.